சிவப்பழகு தேடும் வேர்கள்

நாட்டுத் தாவரங்களிலிருந்து தோல் நிறத்தைக் குறைக்கும் பொருளைப் பிரித்தெடுக்க ஆய்வகங்கள் மும்முரமாக இருக்கின்றன. ஆனால் சோதனைத் தட்டில் ஜெயித்த பொருள் முகத்தில் என்ன செய்யும்? ஜப்பானியப் பெண்கள் அதற்கு விலை கொடுத்திருக்கிறார்கள்.

வாழைப்பூ ஆயும் வீட்டில் இரண்டு காட்சிகளைத் தவறாமல் பார்க்கலாம். ஆய்பவரின் விரல் நுனிகள் கறுத்திருக்கும். பக்கத்தில் மோர் கலந்த தண்ணீருடன் ஒரு பாத்திரம் இருக்கும். கள்ளனை நீக்கி நறுக்கிய பூ நேராக அந்த மோருக்குள் போய்விடும். வெளியே வைத்தால் பத்தே நிமிடத்தில் கறுத்துவிடும் என்பது எந்தப் பாட்டிக்கும் தெரியும். ஏன் கறுக்கிறது, மோர் அதை எப்படித் தடுக்கிறது என்று பாட்டியைக் கேட்டால், வேலையைப் பார் என்பாள்.

தோல் நிறத்தைக் குறைக்கும் மூலிகைப் பொருளைத் தேடும் ஆய்வகங்களில் நடப்பதும் ஏறக்குறைய இந்த மோர் வேலைதான். வாழைப்பூவைக் கறுக்கச் செய்யும் என்சைமும், நம் தோலில் கருமையைத் தயாரிக்கும் என்சைமும் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை. இரண்டுக்கும் மையத்தில் செம்பு அணுக்கள் உண்டு. இரண்டும் காற்றிலுள்ள ஆக்சிஜனை வாங்கிச் சில நிறமற்ற பொருட்களைப் பழுப்பாகவும் கறுப்பாகவும் மாற்றுகின்றன. தோலில் இருப்பதன் பெயர் டைரோசினேஸ். டைரோசின் என்ற அமினோ அமிலத்தை டோப்பாவாகவும், அதைத் டோப்பாகுவினோனாகவும் மாற்றுவது இதுதான். அதற்கப்புறம் சங்கிலி தானாக நகர்ந்து மெலனினில் போய் முடிகிறது. ஆக, கருமையைக் குறைக்க வேண்டும் என்றால் டைரோசினேஸின் கையைக் கட்டிப்போட வேண்டும். கட்டிப்போடும் கயிறு எந்தச் செடியில் இருக்கிறது என்பதுதான் தேடல்.

தேடும் முறை எளிமையானது, மலிவானது. இந்தியாவின் பல மருந்தியல் கல்லூரிகளில் எம்.ஃபார்ம் மாணவர்கள் கூட இதைச் செய்து ஆய்வேடு எழுதிவிட முடிகிறது. வேரையோ பட்டையையோ நிழலில் உலர்த்திப் பொடித்து, ஆல்கஹாலில் ஊறவைத்து வடிகட்டுகிறார்கள். வடிநீரை வற்றவைத்தால் பிசுபிசுப்பான சாறு கிடைக்கும். 96 சிறு குழிகள் உள்ள ஒரு பிளாஸ்டிக் தட்டில் என்சைமும் டோப்பாவும் விட்டு, ஒவ்வொரு குழியிலும் ஒரு சாற்றில் சில சொட்டு சேர்க்கிறார்கள். சாறு ஒன்றும் செய்யாத குழியில் திரவம் ஆரஞ்சு நிறமாகும். என்சைமைத் தடுத்த குழி வெளிறியே இருக்கும். 475 நானோமீட்டர் ஒளியைச் செலுத்தி நிறத்தை அளந்தால் எந்தச் சாறு எவ்வளவு தடுத்தது என்று எண்ணாகவே வந்துவிடும். ஒப்பிட்டுப் பார்க்க ஒரு குழியில் கோஜிக் அமிலம் இருக்கும். ஜப்பானியர்கள் அரிசியை நொதிக்க வைக்கும் 'கோஜி' பூஞ்சையிலிருந்து 1907-ல் பிரித்த பொருள் அது. கோஜிக்கை முந்திய சாறு என்றால் ஆய்வாளருக்குக் கொண்டாட்டம். அன்றே கட்டுரை எழுத உட்கார்ந்துவிடலாம்.

எந்தச் செடியை முதலில் எடுப்பது? பெரும்பாலான பட்டியல்கள் பழைய சுவடிகளிலிருந்தே தொடங்குகின்றன. சரக சம்ஹிதையில் 'வர்ண்யம்' என்ற தலைப்பில் பத்துச் சரக்குகள் வருகின்றன. சந்தனம், வெட்டிவேர், அதிமதுரம், மஞ்சிட்டி, நன்னாரி ஆகியவை அதில் அடக்கம். வர்ண்யம் என்றால் நிறத்துக்கு நல்லது என்று பொருள். உடம்பின் இயல்பான நிறம் ஒளியோடு இருக்க வேண்டும் என்பதே அங்கே கருத்து. கறுப்பை வெளுப்பாக மாற்றும் வித்தை என்ற அர்த்தம் பின்னால் விளம்பரக்காரர்கள் ஏற்றியது.

இந்த இடத்தில் ஒரு மொழிபெயர்ப்பாளனின் புலம்பலையும் சொல்லிக்கொள்ள அனுமதி வேண்டும். 'ஃபேர்னெஸ்' என்ற சொல்லைத் தமிழாக்கச் சொல்லிப் பத்திரிகைக் குறிப்புகள் என் மேஜைக்கு வரும். அகராதியைப் புரட்டினால் 'நியாயம்' என்று இருக்கும். 'வெண்மை' என்று எழுதினால் நம் ஊரில் தோல் நோய் ஞாபகத்துக்கு வந்துவிடும். விளம்பர உலகம் எங்களுக்கு முன்பே 'சிவப்பழகு' என்று ஒன்றைச் செய்து வைத்திருந்தது. வெள்ளைக்காரனைக் கூடச் சிவப்பு என்று சொல்லும் ஊர் அல்லவா! 1975-ல் ஃபேர் அண்ட் லவ்லி சந்தைக்கு வந்ததிலிருந்து, 2020-ல் அதன் பெயரிலிருந்து 'ஃபேர்' கழற்றப்பட்டு 'க்ளோ' ஒட்டப்படும் வரை, இரண்டு தலைமுறைத் தமிழர்கள் இந்தச் சொல்லுக்குள் வாழ்ந்துவிட்டார்கள். தமிழ் எம்.ஏ. படித்த என் போன்றவர்களுக்கு இதில் ஒரு தனி உறுத்தல் உண்டு. சங்கப் பாடல்களில் பெண்ணின் அழகுக்குப் பெயர் மாமை. மாந்தளிரின் நிறம் அது. தலைவன் பிரிந்து போனதும் அந்த நிறம் கெட்டு வெளிறிப் போவதற்குப் பசலை என்று பெயர். அதை ஒரு நோயாகத்தான் சொன்னார்கள். வெளிறுவதற்குக் காசு கொடுக்கும் நாள் வரும் என்று அந்தப் புலவர்கள் கனவிலும் நினைத்திருக்க மாட்டார்கள்.

செடிகளுக்குத் திரும்புவோம். வர்ண்யப் பட்டியலில் இன்று சந்தையில் அதிகம் ஓடுவது அதிமதுரம். அதன் வேரில் மிகச் சிறிய அளவில் கிளாப்ரிடின் என்ற பொருள் இருக்கிறது. டைரோசினேஸைத் தடுப்பதில் அது கெட்டிக்காரன் என்று 1998-லேயே ஜப்பானிய ஆய்வாளர்கள் காட்டினார்கள். வேரில் ஆயிரத்தில் ஒன்றிரண்டு பங்குதான் தேறும் என்பதால் விலையும் எக்கச்சக்கம். வேடிக்கை என்னவென்றால், 'நாட்டு மூலிகை' என்று நாம் உரிமை கொண்டாடும் அதிமதுரத்தில் பெரும்பகுதி ஆப்கானிஸ்தான், ஈரான் பக்கத்திலிருந்து கப்பலிலும் லாரியிலும் வருகிறது.

நம் காட்டிலேயே விளையும் ஒன்றைச் சொல்ல வேண்டுமென்றால், வட இந்தியச் சந்தைகளில் கோடையில் மஞ்சள் மஞ்சளாகக் கிடைக்கும் பட்ஹல் பழத்தைச் சொல்லலாம். பலாவின் உறவுக்கார மரம். பழம் கோணல்மாணலாக இருக்கும், புளிக்கும். உத்தரப் பிரதேசத்தில் ஊறுகாய் போடுகிறார்கள். இதே மரத்தின் கட்டையைக் காய்ச்சி எடுக்கும் பொடியைத் தாய்லாந்தில் நாடாப்புழுவுக்கு மருந்தாகக் கொடுத்து வந்தார்கள். அந்தப் பொடியில் இருப்பதில் பெரும்பகுதி ஆக்சிரெஸ்வெரட்ரால் என்று பாங்காக்கின் சூலாலங்கார்ன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் கண்டார்கள். 2006-ல் வெளியான அவர்கள் சோதனையில், பெண் தன்னார்வலர்களின் மேல்கையில் வெறும் 0.25 சதவீதக் கரைசலைத் தடவி வந்தபோது நாலு வாரத்தில் நிறம் குறைந்தது. அதே அளவு அதிமதுரச் சாறு ஆறு வாரம் எடுத்துக்கொண்டது. 3 சதவீதக் கோஜிக் அமிலத்துக்குப் பத்து வாரம். மரம் நம்முடையதும்தான். ஆனால் நாடாப்புழு மருந்தை எடுத்து டைரோசினேஸ் தட்டில் ஊற்றிப் பார்க்கும் யோசனை தாய்லாந்துக்காரர்களுக்கு முதலில் வந்தது.

நன்னாரி இன்னும் சுவாரசியம். அந்த வேரின் வாசனைக்குக் காரணமான பொருளின் பெயர் 2-ஹைட்ராக்சி-4-மெத்தாக்சி பென்சால்டிஹைடு. வாய்க்குள் நுழையாத பெயர்தான். ஆனால் சர்பத்தாக நுழைந்திருக்கிறது. இதே பொருள் சில ஆப்பிரிக்க மருந்துச் செடிகளிலும் இருக்கிறது. அது வலுவான டைரோசினேஸ் தடுப்பான் என்று 1999-ல் அங்கிருந்து எடுத்த வேர்களை வைத்துத்தான் கண்டுபிடித்தார்கள். நம் ஊரில் இந்த வாசனைக்கு இன்னொரு சொந்தக்காரர் உண்டு. மாகாளிக்கிழங்கு. ஊறுகாய் ஜாடியைத் திறந்ததும் சிலரை ஓடவும் சிலரை நாக்கில் நீர் ஊறவும் வைக்கும் அதே மாகாளி. அதன் வேரிலிருந்து வடிக்கும் எண்ணெயில் ஏறக்குறைய முழுவதுமே இந்த ஒரு பொருள்தான். மைசூரிலுள்ள மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிலையம் இந்தக் கிழங்கைப் பல வருடங்களாகத் துருவி ஆராய்ந்திருக்கிறது. பூச்சி அண்டாமல் தானியத்தைப் பாதுகாக்கக் கூட அது உதவும் என்று காட்டியிருக்கிறது.

இதிலுள்ள ஆபத்து கிழங்குக்குத்தான். மாகாளி ஒரு கொடி. தக்காணத்தின் தென்பகுதியில், ஆந்திராவிலும் கர்நாடகத்திலும் தமிழ்நாட்டிலும், பாறைச் சரிவுகளில் மட்டுமே வளர்கிறது. வேரை எடுக்க வேண்டுமென்றால் கொடியைப் பிடுங்கியாக வேண்டும். ஊறுகாய்க்கும் சர்பத்துக்கும் பிடுங்கியதிலேயே அது அருகிவிட்டது. உலக இயற்கைப் பாதுகாப்புச் சங்கத்தின் சிவப்புப் பட்டியலில் அழியும் ஆபத்திலுள்ள இனம் என்று சேர்க்கப்பட்டுவிட்டது. இதன் மேல் அழகுசாதனத் தொழிலும் கண் வைத்தால் என்னாகும் என்பதைக் கணக்குப் போடப் பெரிய படிப்பு தேவையில்லை. அந்த வாசனைப் பொருளைத் தொழிற்சாலையிலேயே செயற்கையாகத் தயாரிக்க முடியும் என்பது ஓர் ஆறுதல். ஆனால் செயற்கை என்று லேபிளில் போட்டால் விற்காது. 'வேரிலிருந்து' என்று போட்டால்தான் விற்கும்.

வேரைக் காட்டிக் கொடுத்தவர்களுக்கு என்ன கிடைக்கும் என்ற கேள்விக்கு இந்தியாவில் ஒரு முன்னுதாரணம் உண்டு. திருவனந்தபுரம் அருகே அகஸ்திய மலையில் வாழும் காணி மக்கள், களைப்பு போக்க மெல்லும் ஆரோக்கியப்பச்சையை 1987-ல் விஞ்ஞானிகளுக்குக் காட்டினார்கள். பாலோடிலுள்ள வெப்பமண்டலத் தாவரவியல் தோட்டம் அதிலிருந்து 'ஜீவனி' என்ற மருந்தை உருவாக்கி 1995-ல் உரிமையை விற்றது. வந்த கட்டணத்திலும் ராயல்டியிலும் பாதியைக் காணிகளுக்கு ஒதுக்கியது. பிறகு 2002-ல் உயிரியல் பன்முகச் சட்டம் வந்தது. அதை நடைமுறைப்படுத்தும் தேசிய ஆணையம் சென்னையில்தான் இருக்கிறது. இந்தியக் கம்பெனிகளும் பலனைப் பகிர்ந்தாக வேண்டும் என்று உத்தராகண்ட் உயர் நீதிமன்றம் 2018-ல் தீர்ப்பளித்தது. ஆனால் 2023-ல் வந்த திருத்தம், ஏட்டில் ஏறிய பாரம்பரிய அறிவுக்கு இந்தக் கடமையிலிருந்து விலக்கு கொடுத்துவிட்டது. சரகரின் பட்டியலிலிருந்து செடியை எடுத்தால் ஏடு கைவசம் இருக்கிறது. மலையில் வேர் தோண்டுபவரிடம் கேட்டு எடுத்தால் ஏடு இல்லை. ஏடு எழுதியவர்களும் ஒரு காலத்தில் மலையில் கேட்டுத்தானே எழுதியிருப்பார்கள்!

இதெல்லாம் சிவப்பழகு மோகத்துக்காக மட்டும் நடக்கும் வேலை என்று ஒதுக்கிவிட முடியாது. நிறம் குறைக்கும் மருந்து நிஜமாகவே தேவைப்படுபவர்கள் இருக்கிறார்கள். கன்னத்தில் பட்டாம்பூச்சி போல மங்கு படர்ந்த பெண்களைக் கேட்டால் தெரியும். கர்ப்ப காலத்திலும் வெயிலிலும் அது கிளம்பும், லேசில் போகாது. பரு ஆறிய இடத்தில் தங்கும் கரும்புள்ளியும் நம் நிறத்துத் தோலில் மாதக்கணக்கில் மறையாது. இவர்களுக்காக மருத்துவர்கள் எழுதும் மருந்துகளில் முதன்மையானது ஹைட்ரோகுவினோன். அது நன்றாக வேலை செய்யும், ஆனால் வருடக்கணக்கில் பூசினால் சில முகங்களில் கருநீலத் திட்டுகளாகத் திரும்பி வரும். தென்னாப்பிரிக்கா 1990-ல் அழகுசாதனங்களில் அதைத் தடை செய்தது இதனால்தான். 2001-ல் ஐரோப்பாவும் அதே முடிவுக்கு வந்தது.

இந்தியாவில் நிலைமை இன்னும் மோசம். ஹைட்ரோகுவினோனோடு ஸ்டீராய்டையும் சேர்த்த கிரீம்களை மருந்துக் கடையில் சீட்டு இல்லாமலேயே வாங்கிப் பவுடர் மாதிரி பூசிக்கொண்டவர்கள் ஏராளம். முதல் மாதம் முகம் பளபளக்கும். பிறகு தோல் மெலிந்து, சிவந்து, வெயில் பட்டாலே எரியும். கிரீமை நிறுத்தினால் இன்னும் எரியும். தோல் மருத்துவர்கள் சங்கம் தனிக் குழு அமைத்துப் போராடிய பிறகு, 2018-ல் அரசு 14 வகை ஸ்டீராய்டுப் பூச்சு மருந்துகளைச் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாத பட்டியலுக்குக் கொண்டுவந்தது. பட்டியலில் இருப்பதும் கடைக்காரர் சீட்டைக் கேட்பதும் வேறு வேறு சங்கதிகள் என்பது வாசகர்களுக்குத் தெரிந்ததுதான்.

கேரளத்தின் கோட்டக்கல்லில் நடந்தது வேறு கதை. 2021 ஜூலை முதல் 2023 செப்டம்பர் வரை அங்கே ஒரு குறிப்பிட்ட வகைச் சிறுநீரக நோயோடு 22 பேர் வந்தார்கள். அதில் 15 பேருக்கு அரிதான ஓர் அடையாளம் இருந்தது. மருத்துவர்கள் துருவிக் கேட்டபோது அந்தப் பதினைந்தில் 13 பேர் சிவப்பழகு கிரீம் பூசியதை ஒப்புக்கொண்டார்கள். குற்றவாளி பாதரசம். டைரோசினேஸிலுள்ள செம்பின் வேலையைக் கெடுத்துப் பாதரசமும் நிறத்தைக் குறைக்கும். அதோடு நிற்காமல் தோல் வழியாக இறங்கிச் சிறுநீரகத்துக்குப் போய்விடும். கேரள மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை 'ஆபரேஷன் சௌந்தர்யா' என்று பெயர் வைத்துக் கடைகளைச் சோதனை போட்டது. அழகுசாதனங்களில் பாதரசத்தை அறவே ஒழிக்க வேண்டும் என்று மினமாட்டா உடன்படிக்கை நாடுகள் 2023-ல் முடிவெடுத்து, 2025-ஐக் கெடுவாக வைத்தன.

இந்தப் பின்னணியில் 'மூலிகை' என்ற சொல் தேனாக இனிப்பதில் ஆச்சரியமில்லை. பாதரசம் வேண்டாம், ஸ்டீராய்டு வேண்டாம், வேர் போதும் என்று எந்தத் தாயும் நினைப்பாள். ஆய்வகங்களும் அப்படித்தான் நினைக்கின்றன. இங்கேதான் சிக்கல்.

முதல் சிக்கல் அந்தத் தட்டிலேயே இருக்கிறது. அதில் ஊற்றும் டைரோசினேஸ் மனிதத் தோலிலிருந்து வந்ததல்ல. பெரும்பாலும் அது கடையில் பாக்கெட்டில் விற்கும் பட்டன் காளானிலிருந்து எடுத்தது. மலிவாகக் கிடைக்கிறது என்பதைத் தவிர அதைப் பயன்படுத்த வேறு பெரிய காரணம் கிடையாது. காளான் என்சைமும் மனித என்சைமும் உறவினர்களே தவிர இரட்டைப் பிள்ளைகள் அல்ல. 2018-ல் ஒரு ஜெர்மன் கம்பெனியின் ஆய்வாளர்கள் மனித டைரோசினேஸையே தயாரித்து, அதன் மேல் 50,000 பொருட்களைச் சோதித்தார்கள். அதில் முதலிடம் பிடித்த பொருள், காளான் என்சைமிடம் ஏறக்குறைய நூறில் ஒரு பங்கு பலம்தான் காட்டியது. அதாவது காளானை மட்டும் நம்பியிருந்தால் அதைக் குப்பையில் போட்டிருப்பார்கள். மறுபுறம், காளான் தட்டில் இத்தனை வருடம் அளவுகோலாக இருந்த கோஜிக் அமிலம் மனித என்சைமிடம் மிகவும் பலவீனமாக நின்றது. தப்பான முழக்கோலால் அளந்த துணி மாதிரி, நூற்றுக்கணக்கான மூலிகைக் கட்டுரைகள் இப்போது அலமாரியில் இருக்கின்றன.

சாறுகளின் குறும்புகளும் உண்டு. நெல்லிக்காய் போல வைட்டமின் சி நிறைந்த சாறு, என்சைம் உருவாக்கிய டோப்பாகுவினோனைத் திரும்ப டோப்பாவாக்கிவிடும். ஆரஞ்சு நிறம் வராது. என்சைமோ தன்பாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்கும். கடுக்காயின் துவர்ப்பு எந்தப் புரதத்தையும் கட்டிப் போட்டுவிடும், டைரோசினேஸ் மேல் அதற்குத் தனி விரோதம் எதுவும் இல்லை. மஞ்சள் சாறு தன் சொந்த நிறத்தாலேயே ஒளி அளவைக் குழப்பும். கவனமுள்ள ஆய்வாளர்கள் இதற்கெல்லாம் எதிர்ச்சோதனை செய்கிறார்கள். அடுத்த படியாக எலியின் கரும்புற்று உயிரணுக்களிலும், வரிக்குதிரை மீன் குஞ்சுகளிலும் சோதிக்கிறார்கள். அவசரக்காரர்கள் தட்டோடு நிறுத்திக்கொள்கிறார்கள்.

இரண்டாவது சிக்கல் இதைவிடப் பெரியது. அதைச் சொல்ல ஜப்பானுக்குப் போக வேண்டும்.

மேப்பிள் வகை மரம் ஒன்றின் பட்டையிலும் பூர்ஜ மரத்தின் பட்டையிலும் ரோடோடெண்ட்ரால் என்ற பொருள் இருக்கிறது. பழம்பெரும் அழகுசாதன நிறுவனமான கனெபோவின் விஞ்ஞானிகள் டைரோசினேஸைத் தடுக்கும் பொருட்களை ஒவ்வொன்றாகத் தேடிக்கொண்டே வந்து இதைப் பிடித்தார்கள். 'ரோடோடெனால்' என்று பெயர் வைத்தார்கள். இயற்கையிலிருந்து வந்தது, என்சைமை அழகாகத் தடுக்கிறது, முறையான பரிசோதனைகளையும் தாண்டிவிட்டது. 2008-ல் ஜப்பானிய அரசு அனுமதித்தது. கவனிக்க வேண்டும், இது தெருவோரக் கலப்படச் சரக்கு அல்ல. உலகிலேயே கறாரான கட்டுப்பாடுகள் கொண்ட நாடுகளில் ஒன்றில், அரசு முத்திரையோடு வந்த பொருள். சுமார் எட்டு லட்சம் பேர் பூசினார்கள்.

2011-லேயே சில பெண்களிடமிருந்து புகார் வந்தது. கிரீம் பூசிய இடத்தில் திட்டுத் திட்டாக வெளுக்கிறது என்றார்கள். அது உங்களுக்கு வந்த நோய், கிரீமால் வந்தது இல்லை என்று ஒதுக்கப்பட்டது. ஒரு தோல் மருத்துவர் தன்னிடம் வந்தவர்களைப் பார்த்துச் சந்தேகப்பட்டு 2013 மே மாதம் தகவல் தெரிவித்த பிறகுதான் கம்பெனி விழித்தது. அந்த வருடம் ஜூலை 4-ம் தேதி 54 தயாரிப்புகளைச் சந்தையிலிருந்து திரும்பப் பெற்றது. பாதிக்கப்பட்டவர்கள் எண்ணிக்கை 19,000-ஐத் தாண்டியது. முகத்திலும் கழுத்திலும் கையிலும் சீராக வெளுப்பதற்குப் பதில், தேசப்படம் போல வெள்ளைத் திட்டுகள். வெள்ளைத் தோலுக்கு ஆசைப்பட்ட ஜப்பானியப் பெண்கள், அந்தத் திட்டுகளை மறைக்கக் கருநிறப் பூச்சு தேட வேண்டியதாயிற்று.

என்ன நடந்தது என்பதை அடுத்த வருடமே ஜப்பானிய வேதியியலாளர்கள் விளக்கிவிட்டார்கள். டைரோசினேஸுக்கு ரோடோடெண்ட்ரால் வெறும் பூட்டு அல்ல, தீனியும் கூட. அது டைரோசின் மாதிரியே வேஷம் போட்டுக்கொண்டு உள்ளே போகிறது. என்சைமின் வாயை அடைக்கிறது உண்மை. ஆனால் என்சைம் அதைக் கொஞ்சம் கொஞ்சமாக மென்று ஒரு குவினோனாகத் துப்புகிறது. அந்தக் குவினோன் நஞ்சு. நிறம் தயாரிக்கும் மெலனோசைட் உயிரணுவையே அது கொன்றுவிடுகிறது. சோதனைத் தட்டில் என்சைம் மட்டும்தான் இருக்கிறது, சாவதற்கு உயிரணு இல்லை. அதனால் தட்டு எதையும் சொல்லவில்லை. சுறுசுறுப்பான டைரோசினேஸ் உள்ளவர்களுக்கு, அதாவது நிறம் நன்றாக உருவாகும் தோலுக்கு, விஷம் அதிகம் சேரும் என்பது இந்த விளக்கத்திலிருந்தே வருகிறது. ஜப்பானைவிட இந்தியாவுக்குத்தான் இது முக்கியமான செய்தி.

இப்படி ஒரு பொருள் மெலனோசைட்டைக் கொல்லும் என்பது ஜப்பானில் புதிதாகத் தெரிந்த சங்கதியும் அல்ல. 1930-களின் இறுதியில் அமெரிக்காவில் ஒரு தோல் பதனிடும் தொழிற்சாலையில் ரப்பர் கையுறை போட்ட தொழிலாளர்களின் கைகள் வெளுத்தன. ரப்பரில் கலந்திருந்த மோனோபென்சோன் காரணம். ஹைட்ரோகுவினோனின் நெருங்கிய உறவு அது. ஃபீனால் என்ற வேதி அமைப்பில், எதிர் முனையில் ஒரு வால் ஒட்டியிருந்தால் உஷாராக இருக்க வேண்டும் என்பது தோல் மருத்துவர்களின் பாலபாடம். தாவரங்களோ ஃபீனால்களின் சுரங்கம். டைரோசினேஸ் தட்டில் ஜெயிக்கும் மூலிகைப் பொருட்களில் பெரும்பான்மை ஏதோ ஒரு வகை ஃபீனால்தான். எல்லாமே நஞ்சு என்று அர்த்தமில்லை. எது பூட்டு, எது தீனி என்று பிரித்துப் பார்க்காமல் குப்பியில் அடைக்கக் கூடாது. மனித மெலனோசைட்டில் மாதக்கணக்கில் வைத்து, உயிரணு பிழைத்திருக்கிறதா என்று பார்க்கும் சோதனைக்குக் காசும் பொறுமையும் தேவை. எம்.ஃபார்ம் ஆய்வேட்டுக்கான ஆறு மாதத்தில் அது முடியாது.

நம் நாட்டில் இந்தக் குடும்பத்தின் இன்னொரு உறுப்பினர் நெற்றியிலேயே குடியிருக்கிறது. ஸ்டிக்கர் பொட்டின் பசையில் பாரா டெர்ஷியரி பியூட்டைல் ஃபீனால் என்ற பொருள் சேர்வதுண்டு. கொல்கத்தா மருத்துவர்கள் 2009-ல் வெளியிட்ட ஓர் ஆய்வில், ரசாயனங்களால் தோல் வெளுத்த 864 பேரைப் பட்டியலிட்டார்கள். முதலிடம் தலைச் சாயத்துக்கு. அடுத்து வாசனைத் திரவியங்கள், சலவைப் பொருட்கள். அதற்கு அடுத்து 12 சதவீதத்தோடு ஸ்டிக்கர் பொட்டு. ரப்பர் செருப்பும் பட்டியலில் உண்டு. வார் பதிந்த இடத்தில் அப்படியே வார் வடிவத்தில் வெளுக்கும்.

இந்த ஆய்வைப் படித்தபோது எனக்கு என் அத்தை ஞாபகம் வந்தது. குங்குமம் கலைகிறது, பொட்டு சௌகரியம் என்று எண்பதுகளில் ஸ்டிக்கருக்கு மாறியவள். சில வருடங்களில் நெற்றி நடுவே நாலணா அளவு வெளுத்தது. பார்த்தவர்கள் பெயர் சொல்லக் கூசும் நோய் என்று நினைத்தார்கள். வீட்டில் வரன் பார்க்கும் வயதில் இரண்டு பெண்கள் இருந்ததால் அத்தை அதை வெளியே சொல்லவில்லை. திட்டு வளர வளரப் பொட்டின் அளவும் வளர்ந்தது. பெரிய பொட்டில் பசையும் அதிகம் என்று அவளுக்கு யார் சொல்வது? வருடங்கள் கழித்து, முழங்கால் வலிக்குப் போன இடத்தில் ஒரு மருத்துவர் நெற்றியைப் பார்த்துவிட்டுப் பொட்டை எடுக்கச் சொன்னார்.

ஜப்பானில் கிரீமை நிறுத்தியவர்களில் பெரும்பாலோருக்கு நிறம் கொஞ்சமாவது திரும்பியது. மயிர்க்கால்களின் அடியில் ஒளிந்து பிழைத்த உயிரணுக்கள் மேலே ஏறி வந்து, முதலில் புள்ளிபுள்ளியாகவும் பிறகு புள்ளிகள் சேர்ந்தும் திட்டை நிரப்பின. சிலருக்கு வருடங்கள் போயும் திரும்பவில்லை. அத்தைக்கு முக்கால்வாசி திரும்பியது. மீதியிருக்கும் வெள்ளைக்கு நேர் மேலே, தினமும் குளித்ததும், மோதிர விரலால் குங்குமம் வைத்துக்கொள்கிறாள்.